கேள்வியும் நீக்கமும்: இயக்குநர் குழுவுக்கும் தலைமை அதிகாரிக்கும் இடையே நடக்கும் அதிகாரப் போட்டி

(மதுரையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய வடிவம்)



2020 செப்டம்பர் 25 அன்று லட்சுமி விலாஸ் வங்கியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. மேலாண் இயக்குநர் உள்ளிட்ட ஏழு இயக்குநர்களின் நியமனத்துக்கு ஒப்புதல் கேட்ட தீர்மானங்களைப் பங்குதாரர்கள் தோற்கடித்தார்கள். தணிக்கையாளர் நியமனத்தையும் ஏற்க மறுத்தார்கள். இரண்டு நாளில் எஞ்சியிருந்த மூன்று சுயேச்சை இயக்குநர்களைக் கொண்ட ஒரு குழு, ரிசர்வ் வங்கியின் ஒப்புதலோடு நிர்வாகத்தை ஏற்றது. 53-ஆம் நாள், நவம்பர் 17 அன்று, வங்கியின் செயல்பாடுகளை மத்திய அரசு முடக்கியது. கணக்கு வைத்திருந்தவர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றானது. நவம்பர் 27-இல் வங்கி டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு இணைந்தது. 1926-இல் கரூர் வணிகர்கள் எழுவர் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் பங்குகள் அன்றோடு மதிப்பிழந்தன. பங்குதாரர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை.

இந்த நிகழ்ச்சியைப் பலரும் ஆட்களின் சண்டையாகவே பேசினார்கள். நிறுவனர் குடும்பத்தாருக்கும் வெளியிலிருந்து வந்த அதிகாரிக்கும் ஒத்துப்போகவில்லை என்றார்கள். நான் இன்று முன்வைக்க விரும்பும் கருத்து வேறு. ஓர் இயக்குநர் குழுவுக்குத் தலைமை அதிகாரியின் மீது இரண்டு அதிகாரங்கள் உண்டு: கேட்கும் அதிகாரம், நீக்கும் அதிகாரம். முன்னது மாதந்தோறும், கூட்டந்தோறும் புழங்க வேண்டியது. பின்னது எப்போதாவது எடுக்க வேண்டியது. முன்னதைக் கைவிட்ட குழுக்களில்தான் பின்னதைப் பற்றிய சண்டை மூள்கிறது. அப்படி மூளும் நேரத்தில் நிறுவனத்தின் மூலதனம் பெரும்பாலும் கரைந்து போயிருக்கும். ஆகவே நாம் ஆராய வேண்டியது நீக்கம் நடந்த நாளை அன்று, கேள்வி கேட்காமல் விட்ட ஆண்டுகளை.

1. மேலாண் முகவர்கள் விட்டுச் சென்ற பழக்கம்

மதுரையில் இந்தப் பேச்சைத் தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் ரயில் நிலையத்துக்கு மேற்கே எழுந்த மதுரா மில்லை நடத்தியவர்கள் ஏ அண்டு எஃப் ஹார்வி நிறுவனத்தார். பங்குதாரர்களுக்கும் ஆலைக்கும் நடுவே அவர்கள் மேலாண் முகவர்களாக இருந்தார்கள். அந்தக் காலத்து இந்தியத் தொழில்கள் பெரும்பாலும் இந்த முறையில்தான் நடந்தன. கம்பெனிக்கு இயக்குநர் குழு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமும் உண்டு. ஆனால் பஞ்சு வாங்குவதும், நூல் விற்பதும், கடன் பெறுவதும், ஆள் நியமிப்பதும் முகவர் நிறுவனத்தின் கையில். அந்த உரிமை நீண்டகால ஒப்பந்தத்தின் மூலம் வந்தது. 1936-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத் திருத்தம் அதை 20 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்று வரையறுத்தது. முகவர்கள் தம் சார்பாக மூன்றில் ஒரு பங்கு இயக்குநர்களுக்கு மேல் நியமிக்கக் கூடாது என்றும் சொன்னது. கட்டுப்பாடே இந்த அளவில் இருந்தது என்றால், அதற்கு முன்பிருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் முகவரின் ஊதியத்துக்கு நிகர லாபத்தில் 10 சதவீதம் என்று எல்லை கட்டியது. 1970 ஏப்ரல் 3-இல் அந்த முறையே ஒழிந்தது.

முறை ஒழிந்தாலும் அது வளர்த்த பழக்கம் ஒழியவில்லை. தலைமுறை தலைமுறையாக இயக்குநர் என்பவர் கௌரவத்துக்காக அழைக்கப்படுபவராகவும், கொடுத்த தாளில் கையெழுத்திடுபவராகவும் இருந்தார். முகவர் போன இடத்தில் நிறுவனர் வந்து அமர்ந்தார். தலைவரும் அவரே, மேலாண் இயக்குநரும் அவரே. அவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. சொந்தப் பணத்தைப் போட்டவர் நடத்தும் வரை இதன் குறை வெளியே தெரியவில்லை, ஏனென்றால் நட்டம் வந்தால் முதலில் அவருடைய கைப்பணமே போகும். நிறுவனர் குடும்பத்தின் பங்கு சுருங்கி, சம்பளத்துக்கு வந்த அதிகாரி அதே நாற்காலியில் அமர்ந்தபோது, கேள்வி கேட்காத பழைய குழு அப்படியே அவருக்கும் கிடைத்தது. அதிகாரப் போட்டியின் வேர் இங்கே இருக்கிறது என்பது என் கணிப்பு.

2. கரூரில் நடந்தது

லட்சுமி விலாஸ் வங்கியின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 2017 மார்ச் முடிவில் அதன் மொத்த வாராக்கடன் 2.67 சதவீதம். அந்த ஆண்டு லாபம் 256 கோடி. அடுத்த மார்ச்சில் வாராக்கடன் 9.98 சதவீதம், 2019-இல் 15.30, 2020-இல் 25.39. நான்கு ரூபாய் கடன் கொடுத்தால் ஒரு ரூபாய் திரும்பாத நிலை. லாபம் நட்டமாக மாறி முதலாண்டில் 585 கோடி, அடுத்து 894 கோடி, அதற்கடுத்து 836 கோடி எனப் போனது. மூலதனப் போதுமை விகிதம் 2020 மார்ச்சில் 1.12 சதவீதம்; செப்டம்பரில் பூஜ்யத்துக்கும் கீழே.

இந்த எண்களில் என் கவனத்தை ஈர்ப்பது 25.39 அன்று, 2.67. கடன் ஒரே ஆண்டில் கெட்டுப் போவதில்லை. 2018-இல் வாராக்கடனாக அறிவிக்கப்பட்டவை அதற்கு முந்தைய ஆண்டுகளில், வங்கி செழிப்பாகத் தோன்றிய நாள்களில், கொடுக்கப்பட்டவை. கரூரின் ஜவுளி வணிகருக்கும், சுற்றுவட்டாரச் சிறுதொழிலுக்கும், விவசாயத்துக்கும் கடன் கொடுத்துப் பழகிய வங்கி, வேகமாக வளர வேண்டும் என்று பெருநிறுவனக் கடன்களுக்குள் நுழைந்தது. வளர்ச்சி விகிதம் நன்றாக இருந்தது. பங்கு விலையும் ஏறியது. லாபம் வரும் ஆண்டில் 'இந்தப் பெரிய கடனாளியை நமக்கு எத்தனை நாளாகத் தெரியும், இவர் கொடுக்கும் ஈடு யாருடையது' என்று கேட்பவர் கூட்டத்தில் தனித்துப் போவார். கேட்டே ஆக வேண்டிய ஆண்டும் அதுதான்.

ஈடு யாருடையது என்று நான் சொன்னதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ரெலிகேர் ஃபின்வெஸ்ட் நிறுவனம், தான் இந்த வங்கியில் போட்டிருந்த சுமார் 790 கோடி ரூபாய் வைப்புத்தொகை, தன் முன்னாள் நிறுவனர்கள் தொடர்புள்ள கம்பெனிகள் வாங்கிய கடனுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்று புகார் கொடுத்தது. 2019 செப்டம்பரில் டெல்லி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. குற்றம் யாருடையது என்பது இந்த மேடையில் தீர்க்கும் விஷயம் அன்று. ஒரு கம்பெனியின் வைப்பு வேறு கம்பெனிகளின் கடனுக்கு நிற்கும் ஏற்பாடு குழுவின் பார்வைக்கு எந்த வடிவில் வந்தது, அதைப் பற்றி யார் என்ன கேட்டார்கள் என்பதே நாம் அறிய வேண்டியது. அதே செப்டம்பர் மாதக் கடைசியில் ரிசர்வ் வங்கி, நலிந்த வங்கிகளுக்கான உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் வங்கியைக் கொண்டுவந்தது. இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸோடு இணையும் திட்டத்தை அக்டோபரில் நிராகரித்தது. ஜனவரி 2016-இல் பொறுப்பேற்ற மேலாண் இயக்குநர் பார்த்தசாரதி முகர்ஜி அதற்கு முன்பே, ஆகஸ்டில் விலகியிருந்தார். 2020 ஜனவரியில் எஸ். சுந்தர் இடைக்காலப் பொறுப்பேற்றார். செப்டம்பரில் அவரும், நிறுவனர் தரப்பு இயக்குநர்களும் சேர்ந்தே வெளியேற்றப்பட்டார்கள்.

சேர்ந்தே என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். குழுவுக்கும் அதிகாரிக்கும் இடையே நடந்த சண்டையில் ஒரு தரப்பு வென்றதாக இந்தக் கதை முடியவில்லை. நிறுவனர் தரப்பின் பங்கு அப்போது 7 சதவீதத்துக்கும் கீழே. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் இரு தரப்பையும் நம்பவில்லை. வங்கியின் செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் ஏறத்தாழ 337 கோடி. வைப்புத்தொகையோ 20,000 கோடிக்கு மேல். வாக்குரிமை முதல் தொகைக்கு மட்டும். கும்பகோணத்திலோ திண்டுக்கல்லிலோ ஓய்வூதியத்தை நிரந்தர வைப்பில் போட்டவருக்கு அந்தக் கூட்டத்தில் இடமே இல்லை. அவர் பணம் கடைசியில் முழுதாகக் காப்பாற்றப்பட்டது; ஆனால் நவம்பர் 17-க்கும் 27-க்கும் இடைப்பட்ட அந்த நாள்களில், மகள் திருமணத்துக்கோ மருத்துவமனைக்கோ சேர்த்த பணம் கைக்கு வருமா என்ற பயத்தை அனுபவித்தவர் அவர்தான்.

3. திருச்சூரும் மதுரையும்

பங்குதாரர்கள் நிர்வாகத்தைத் தூக்கியெறிந்ததால்தான் வங்கி வீழ்ந்தது என்று ஒரு வாதம் உண்டு. கூட்டத்துக்குப் பிறகு நம்பிக்கை குலைந்தது, வைப்புகள் வெளியேறின, ஆகவே வாக்களித்தவர்களே காரணம் என்கிறார்கள். இதைச் சோதிக்க ஒரு வாய்ப்பைக் காலமே தந்திருக்கிறது. லட்சுமி விலாஸ் கூட்டம் நடந்து ஐந்தே நாளில், செப்டம்பர் 30 அன்று, திருச்சூரின் தனலட்சுமி வங்கியில் மேலாண் இயக்குநர் சுனில் குர்பக்சானியின் நியமனத்தை 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் நிராகரித்தன. அதே சட்டம், அதே வாரம், அதே வகையான தீர்மானம். தனலட்சுமி வங்கி இன்றும் அதே பெயரில் நடக்கிறது. வித்தியாசம் எங்கே? அந்த வங்கியின் மூலதனப் போதுமை அப்போது ரிசர்வ் வங்கி கேட்கும் அளவுக்கு மேலே இருந்தது. நீக்கம் ஒரு வங்கியைக் கொல்வதில்லை. மூலதனம் தீர்ந்த பிறகு வரும் நீக்கத்துக்குக் காப்பாற்றும் சக்தி இல்லை.

மதுரையிலிருந்தே ஒரு மாற்று உதாரணம் தர முடியும். கருமுத்து தியாகராஜர் 1943-இல் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா, 2001 மார்ச்சில் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. கிராமக் கிளைகளின் கதி என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. மதுரை பெயர் தாங்கிய வங்கி ஒன்று வரைபடத்திலிருந்தே மறைந்தது எனக்கும் வருத்தம் தருவதுதான். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தலைவர் கே.எம். தியாகராஜனும் குழுவும் வங்கி நலமாக இருந்த காலத்தில், 263 கிளைகளோடும் போதிய மூலதனத்தோடும், எதிர்காலத்தில் புதிய தனியார் வங்கிகளின் தொழில்நுட்பத்தோடு போட்டி போட முடியுமா என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். விடை பிடிக்காததாக இருந்தபோதும் அதன்படி நடந்தார்கள். பேங்க் ஆஃப் மதுராவின் ஒரு பங்குக்கு ஐசிஐசிஐ வங்கியின் இரண்டு பங்குகள் கிடைத்தன. கரூரில் ஒரு பங்குக்கு ஒன்றுமில்லை. இரண்டு இணைப்புகளும் பெயரளவில் ஒன்றுதான். ஒன்றில் கேள்வி மூலதனம் இருக்கும்போது எழுந்தது, மற்றதில் மூலதனம் போன பிறகு.

  

4. அறைக்கு வெளியே எழுந்த கேள்வி

வங்கிகளை விட்டு வெளியே வந்தாலும் இதே அமைப்பைக் காண்கிறோம். இன்ஃபோசிஸில் 2017-இல் நடந்ததை நினைவுகூருங்கள். பனாயா என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை 20 கோடி டாலருக்கு வாங்கியது சரியா, விலகிச் சென்ற நிதித்துறைத் தலைவருக்கு அவ்வளவு பெரிய தொகை ஏன் என்பவை நல்ல கேள்விகள். ஆனால் அவற்றை உரக்கக் கேட்டவர் குழுவில் இல்லாத நிறுவனர் நாராயண மூர்த்தி. பத்திரிகைகள் வழியாகவும் கடிதங்கள் வழியாகவும் வந்த கேள்விக்குக் குழுவும் பத்திரிகை வழியாகவே பதில் சொன்னது. ஆகஸ்ட் 18 அன்று தலைமை அதிகாரி விஷால் சிக்கா விலகினார். குழு பகிரங்கமாக நிறுவனர் மீது பழி போட்டது. ஒரு வாரத்துக்குள் நந்தன் நிலேகணி தலைவராகத் திரும்பினார். கேள்வியின் தகுதியைப் பற்றி இருவேறு கருத்து இருக்கலாம். அறைக்குள் கேட்டிருந்தால் அது ஒரு நிகழ்ச்சி நிரல் குறிப்பாக இருந்திருக்கும், அறைக்கு வெளியே போனதால் போராக மாறியது.

டாடா சன்ஸில் நேர்மாறு: அங்கே நீக்கம் அறைக்குள்ளேயே திடீரென நடந்தது. 2016 அக்டோபர் 24-இல் சைரஸ் மிஸ்திரியைத் தலைவர் பதவியிலிருந்து விலக்கும் தீர்மானம், முன்கூட்டி அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் இல்லாமலே வந்தது. வழக்கு நான்கு ஆண்டுக்கும் மேலாக நடந்தது. 2019 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மிஸ்திரி பக்கம் நின்றது. 2021 மார்ச் 26-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி டாடா தரப்பை உறுதி செய்தது. சட்டப்படி குழுவுக்கு அந்த அதிகாரம் உண்டு என்பது முடிந்த விஷயம். நான் கவலைப்படுவது வேறு இடத்தில். முந்தைய கூட்டங்களில் மிஸ்திரியிடம் கடன்சுமை பற்றியும் நட்டம் தரும் தொழில்கள் பற்றியும் எழுத்தில் கேள்விகள் வைக்கப்பட்டு, அவர் பதில் பதிவாகியிருந்தால், ஒரு பிற்பகலில் நடந்த நீக்கம் இத்தனை ஆண்டு வழக்காக நீண்டிருக்குமா என்று சந்தேகிக்கிறேன்.

5. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் தொழில்முறை நிர்வாகிகளிடமிருந்து வருவது. குழு உறுப்பினர் ஆண்டுக்கு ஆறேழு முறை வந்து போகிறவர். நாள் முழுதும் தொழிலில் மூழ்கியிருப்பவரை அவர் கேள்வி கேட்டால் முடிவெடுப்பது தாமதமாகும், துணிச்சல் போகும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அன்றாட நிர்வாகத்தில் தலையிடும் இயக்குநர், கிளை மேலாளர் மாறுதலுக்குத் தொலைபேசியில் சிபாரிசு செய்யும் இயக்குநர், தம் உறவினருக்குக் கடன் கேட்கும் இயக்குநர் ஆகியோர் நிறுவனத்துக்குக் கேடு. ஆனால் அவர்கள் செய்வது கட்டளையிடுவது, கேள்வி கேட்பது அன்று. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 166-ஆவது பிரிவு இயக்குநர்மீது சுமத்தும் கடமை, நியாயமான கவனத்தோடும் திறமையோடும் தம் சொந்த அறிவின்படி தீர்மானிப்பது. விளக்கம் கேட்காமல் யாரும் தம் அறிவின்படி தீர்மானிக்க முடியாது. தாமதத்தைப் பொறுத்தவரை, 2016-இல் சில கடன்கள் ஆறு மாதம் தாமதமாகியிருந்தால் கரூருக்கு நட்டம் வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குறைந்திருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது.

இரண்டாவது, குடும்பத்தாரும் சமூகத்தாரும் குழுவில் இருப்பதே நோய், தொழில்முறை அதிகாரியே மருந்து என்பது. பத்திரிகைகளுக்குப் பிடித்த விளக்கம் இது. லட்சுமி விலாஸின் கடன் புத்தகம் பெருத்தபோது நாற்காலியில் இருந்தவர்கள் பெரிய வங்கிகளில் பயின்று வந்த தொழில்முறையாளர்கள்தாம். பேங்க் ஆஃப் மதுராவில் சரியான நேரத்தில் கேள்வி எழுப்பியது நிறுவனர் குடும்பம். ஆகவே குடும்பமா தொழில்முறையா என்ற கோட்டில் இந்தப் பிரச்சினையைப் பிரிக்க முடியவில்லை.

மூன்றாவது எதிர்வாதம் வலுவானது: வங்கி என்றால் ரிசர்வ் வங்கி பார்த்துக்கொள்ளும், தலைமை அதிகாரி நியமனத்துக்கே அதன் அனுமதி வேண்டும், ஒரு பங்குதாரருக்கு 26 சதவீதத்துக்கு மேல் வாக்கு கிடையாது, இதற்கு மேல் குழுவிடம் என்ன எதிர்பார்க்க வேண்டும்? 2021 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆணைகள் இன்னும் மேலே போயின. குழுத் தலைவர் சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும். மேலாண் இயக்குநர் 15 ஆண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது. தணிக்கைக் குழுவில் நிர்வாகப் பொறுப்பில் இல்லாதவர்கள் மட்டுமே இருக்க வேண்டும். இவை எல்லாம் நல்லவை. ஆனால் ஒழுங்குமுறை அமைப்பு முடிந்த ஆண்டின் கணக்கைப் பார்க்கிறது. கரூரில் உடனடித் திருத்த நடவடிக்கை வந்தபோது மூன்றாம் ஆண்டு நட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வரப்போகும் கடனைப் பற்றி இன்று கேட்கக்கூடியவர்கள் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் மட்டுமே. அவர்கள் கையில் இருப்பதை மும்பையில் இருக்கும் எந்த அலுவலகமும் வாங்கிக்கொள்ள முடியாது.

6. செய்யக்கூடியவை

கேள்வி கேட்கும் பழக்கத்தைச் சட்டம் போட்டு உண்டாக்க முடியாது. அது நடந்ததா இல்லையா என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர முடியும். இப்போது ஒரு பட்டியலிட்ட கம்பெனியின் ஆண்டறிக்கையில் எந்த இயக்குநர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்று அச்சிடுகிறார்கள். வந்தவர் என்ன செய்தார் என்பது தெரிவதில்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட முன்மொழிவுகள் எத்தனை வந்தன, எத்தனை திருப்பி அனுப்பப்பட்டன, எத்தனை திருத்தங்களோடு ஏற்கப்பட்டன என்பதைப் பெயர் குறிப்பிடாமல் வெளியிடச் சொல்லலாம். வணிக ரகசியம் எதுவும் இதனால் வெளியேறாது. நூற்றுக்கு நூறும் ஏற்றுக்கொண்ட குழுவைப் பங்குதாரர் தானே அடையாளம் கண்டுகொள்வார். சுயேச்சை இயக்குநர் காலம் முடியுமுன் விலகினால் விரிவான காரணம் சொல்ல வேண்டும் என்று செபி 2019 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான கடிதங்கள் சொந்தக் காரணம் என்ற இரண்டு சொல்லில் முடிகின்றன. அந்தக் கடிதத்தோடு, அவர் பதவியில் இருந்தபோது எழுத்தில் எழுப்பிய மறுப்புகளின் பட்டியலையும் இணைக்கச் சொல்வது அடுத்த படி.

வைப்பு வைத்தவரைப் பற்றியும் ஒரு சொல். வங்கியின் குழுவில் அவருக்குப் பிரதிநிதி வேண்டும் என்ற கோரிக்கை பழையது. கேட்கும்போதெல்லாம் அவருக்குக் காப்பீடு இருக்கிறது என்று பதில் வருகிறது. 2020 பிப்ரவரியில் அந்தக் காப்பீடு 5 லட்சமாக உயர்ந்தது வரவேற்க வேண்டியதே. 337 கோடிக்கு உரியவர்கள் வாக்களித்து, 20,000 கோடிக்கு உரியவர்கள் வாசலில் நிற்கும் ஏற்பாட்டுக்குக் காப்பீடு மட்டும் பதிலாகாது. குறைந்தது ஓர் இயக்குநராவது வைப்பாளர் நலனுக்கென்று பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். பெரிய கடன் ஒவ்வொன்றிலும் அவர் கேட்டது என்ன என்று கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும்.

இங்கே வந்திருப்பவர்களில் பலர் சிறு பங்குதாரர்களாக இருப்பீர்கள். ஆண்டறிக்கை பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் முன்பே உங்கள் கைக்கு வர வேண்டும். மின்னணு முறையில் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். இயக்குநர் நியமனத் தீர்மானங்களைப் பெரும்பாலோர் படிக்காமலே ஆதரிக்கிறோம். நிறுவனம் நல்ல லாபம் காட்டியிருக்கும் இந்த ஆண்டிலேயே, கம்பெனிச் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, சென்ற ஆண்டில் உங்கள் குழு எந்த முன்மொழிவைத் திருப்பி அனுப்பியது என்று கேளுங்கள்.